பேச்சி மிதித்த பாத்தி

பேச்சி தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் முத்தையாபுரத்து உப்பளத் தொழிலாளி மாடக்கண்ணுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். உப்புப் பாத்தி மிதிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஈரமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். இறுகினால்தான் உப்புத்தண்ணீர் நிற்கும். இல்லையென்றால் மண்ணே குடித்துவிடும். இடப்பக்கம் அவர், வலப்பக்கம் இவள் என்று தோளோடு தோள் உரச இருபத்தாறு வருஷம் மிதித்தார்கள்.

போன ஐப்பசி மழையில் மாடக்கண்ணு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. காலம் ஆற்றிவிடும் என்று சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கிறது? பேச்சி தானாக யாரோடும் பேசுவதையே விட்டுவிட்டாள்.

தையில் தனியாகவே மிதித்தாள். தண்ணீர் விட்ட மறுநாள் காலை பாத்தி வற்றிக் கிடந்தது. மேஸ்திரி வன்னியபெருமாள் வரப்பில் நின்று பார்த்தார்.

"ஏளா பேச்சி, ஒரு வரிசை மிதிச்சிருக்கே, ஒரு வரிசை விட்டிருக்கே. என்ன மிதி இது?"

அப்போதுதான் அவளும் பார்த்தாள். ஒரு வரிசை இறுகலாக, அடுத்த வரிசை பொதபொதவென்று, பாத்தி முழுக்க அப்படியே. திரும்பும்போதெல்லாம் அவருக்கு இடம் விட்டே திரும்பியிருக்கிறாள். இந்தக் கால்கள் யாரைக் கேட்டு இதைச் செய்தன?

"நாளைக்கு ரெண்டு ஆளு விடுதேன். இனியும் தண்ணி நிக்கலைன்னா பாத்தி வேற ஆளுக்குப் போயிரும்" என்றார் மேஸ்திரி.

"அதுல வேற யாரும் கால் வைக்க வேண்டாம் அண்ணாச்சி. நானே மிதிக்கேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கால் வைக்க உச்சிவெயில் ஆகிவிட்டது. அவருக்கு விட்ட வரிசையை மிதித்தால் அவர் அங்கிருந்தும் போய்விடுவார் என்று பயந்தாள். பிறகு வாய்விட்டு அழுதுகொண்டே மிதித்தாள். நான்கு நாள் மிதித்தாள்.

தண்ணீர் நின்றது. மாசியில் ஒரு மத்தியானம், பாத்தியின் தரை முழுக்க உப்பு பூத்திருந்தது. இத்தனை வருஷம் வாரிக் குவித்தவள், ஒருநாளும் அதை நின்று பார்த்ததில்லை. வெறும் தண்ணீரிலிருந்து இவ்வளவு வெள்ளை எப்படி வந்தது என்று மலைத்துப் போனாள். அவர் வரிசை எது, தன் வரிசை எது என்று குனிந்து தேடினாள். பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பக்கத்துப் பாத்தி வரப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சந்தனச்செல்வியை நாலு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாகக் கூப்பிட்டாள்.

"ஏளா சந்தனம், சோத்தை வச்சிட்டு ஓடி வா! எங்க பாத்தியை வந்து பாரு!"