வெள்ளிக்கிழமைப் புகை

செங்கல்பட்டைச் சுற்றியுள்ள மெல்லிசைக் குழுக்களில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கீபோர்டு வாசித்தவன் நான். திருமண வரவேற்பு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டத்துக்கு முந்தைய பாட்டு என்று எதையும் ஒதுக்கியதில்லை. எங்கள் தொழிலில் பாராட்டு என்பது ஒன்றே ஒன்றுதான். நிகழ்ச்சி முடிந்ததும் யாரேனும் மேடையருகே வந்து, "அப்டியே கேசட்டு மாதிரி கீது" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் அன்றைய சோறு செரிக்கும். ஆகவே, பிறருடைய பாட்டை அவர்களைப் போலவே வாசித்துக் காட்டுவதற்கு ஆங்கிலத்தில் ட்ரிப்யூட் என்று ஒரு பெயர் உண்டென்றும், அதற்கென்றே ஊர் ஊராகச் செல்லும் குழுக்கள் உண்டென்றும் அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நான் அதுகாறும் செய்துவந்ததும் அதுவே.

இதை எனக்கு அறிவித்தவர் கிதார் வாசிக்கும் ஓர் இளைஞர். பொத்தேரியில் பொறியியல் படிக்க வந்து, படிப்பை முடித்த பின்னும் ஊர் திரும்பாமல், அங்கேயே ஓர் அறையில் மாணவர்களுக்குக் கிதார் கற்பித்து வந்தார். எழுபதுகளில் இங்கிலாந்தில் புகழோடு விளங்கிய ஒரு குழுவின் மீது அவருக்குத் தீராத பற்று. அவ்வகை இசையைப் புரோகிரசிவ் ராக் என்கிறார்கள். ஒரு பாட்டுக்குள் ஐந்தாறு பாட்டுகள் அடங்கியிருக்கும். தாளம் நான்கில் தொடங்கி ஏழுக்குப் போகும், பிறகு ஐந்துக்கு வரும். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டு எடுத்துக்கொள்ளும். இத்தகைய பாட்டுக்கு ஆர்கன் வாசிக்க அவர் வயதில் ஒருவரும் முன்வரவில்லை. யாரோ கைகாட்ட, என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், ஒரு பாட்டு இருபது நிமிஷம் வரும். உங்களுக்குப் பரவாயில்லையா?"

"சம்பந்தி வண்டி வந்து சேர்ற வரைக்கும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப முக்கால் மணி நேரம் வாசிச்சிருக்கேன் தம்பி. உள்ளே வாங்க" என்றேன்.

ட்ரம்ஸுக்கு என்னோடு பல மேடைகளில் அமர்ந்த ஒருவரை நானே அழைத்து வந்தேன். செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தருகே கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். என்னை நைனா என்று அழைப்பவர். பாடுவதற்கும் பேஸ் கிதாருக்கும் மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பத்துப் பையன் ஒருவன் அமைந்தான். வெளிநாட்டுப் பயணிகளோடு பேசிப் பேசியே ஆங்கிலம் அவன் நாவில் தங்கிவிட்டிருந்தது. நாங்கள் நால்வரும் ஒரு வேனில் ஏறிக்கொண்டு புதுச்சேரி, கோவளம், ஏலகிரி, பெங்களூரு என்று சுற்றலானோம். புதுச்சேரி போகும் வழியில் அச்சரப்பாக்கத்தில் நிறுத்தி இட்டிலி உண்பது எங்கள் வழக்கம். இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொண்டு ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் அமர்வது என் உரிமை.

சுற்றுப்பயணத் தொழிலில் உள்ள குறை, அது எப்போது வரும், எப்போது வராது என்று கூற இயலாது என்பதே. ஒரு மாதம் நான்கு ஊர்கள், அடுத்த இரு மாதங்கள் ஒன்றுமில்லை. என் மனைவி இதைப் பொறுத்துக்கொண்டே வந்தாள். ஆனால் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவளுடைய தம்பி, தான் பங்குதாரராக இருக்கும் திருமண மண்டபத்துக்கு மேலாளர் தேவை என்று கூறி, அந்த நாற்காலியை எனக்கென வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்பது அவனது நிபந்தனை.

"மண்டபத்துல ஃபேனுக்குக் கீழ உக்காந்துகினு சாவிக்கொத்தப் பாத்துக்கினு இருக்கலாம் இல்ல?" என்றாள் மனைவி. "இந்த வயசுல வேன்ல குலுங்கிக்கினு இன்னாத்துக்குங்க பேஜாரு?"

"அங்க வேற எவனோ வாசிப்பான். நான் அவனுக்கு ப்ளக் பாயின்ட் எங்க கீதுன்னு காட்டிக்கினு நிக்கணும்."

"சரி, அப்ப மாசாமாசம் நிச்சயமா வர மாதிரி ஒன்னு காட்டுங்க. நானே தம்பிக்கிட்ட வேணாம்னு சொல்றேன்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றில், மார்கழி தொடங்கி மாசி முடிய ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசிக்க ஒரு குழுவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை மாலை விருந்தினர் முன்னிலையில் எங்களை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அது கிடைத்தால் நான் வாசிப்பவனாகவே இருப்பேன். கிடைக்காவிடில் ஞாயிறன்று மண்டபத்துச் சாவியைப் பெற்றுக்கொள்வேன் என்று மனைவியிடம் வாக்களித்துவிட்டுக் கிளம்பினேன்.

விடுதியின் மேலாளர் நடுத்தர வயதினர். கோட்டும் பளபளப்பான கறுப்புக் காலணியும் அணிந்து புல்வெளியில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அந்த ஆங்கிலேயக் குழுவின் பழைய படமொன்றைக் கைபேசியில் பார்த்திருந்தார். அதில் அவர்களுடைய முழங்கால் வரை வெண்புகை சூழ்ந்திருந்தது.

"எனக்கு இந்தப் புகை வேணும் சார். புகை இல்லன்னா பாக்குறவங்களுக்கு நீங்க வெறும் ஆர்க்கெஸ்ட்ராதான்" என்றார்.

செங்கல்பட்டில் வாடகைக்கு எடுத்துவந்த புகை இயந்திரத்தை மேடையில் வைத்தோம். அது இருமுறை உறுமியது. வாயோரம் சிறிது எண்ணெயை ஒழுகவிட்டது. பின்பு அடங்கிவிட்டது. ட்ரம்ஸ்காரர் அதன் முதுகைக் கழற்றிப் பார்த்தார்.

"ஹீட்டரு பூட்ச்சு நைனா. நம்ம கடையா இருந்தாக்கூட ஒன்னும் பண்ண முடியாது."

பாடகன் தன் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனான். வேறோர் இயந்திரம் கிடைக்கும் என்ற நம்பிக்கை எங்களில் எவருக்கும் இல்லை. சற்று நேரத்தில் அவன் திரும்பி வந்தபோது, பின்னிருக்கையில் வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு பாய் அமர்ந்திருந்தார். ஒரு கையில் சங்கிலி கோத்த தணல் சட்டி, மறு கையில் மயிலிறகு விசிறி, தோளில் சாம்பிராணிப் பை. வெள்ளிக்கிழமைதோறும் மாமல்லபுரத்துக் கடைவீதியில் கடை கடையாகச் சென்று சாம்பிராணி போடுபவர். சிற்பக் கூடங்கள், துணிக் கடைகள், மீன் ஏலக் கூடம் என்று எல்லாருக்கும் பொதுவானவர்.

கிதார் இளைஞரின் முகம் வாடிப்போயிற்று. "இது புரோகிரசிவ் ராக் டா. சாம்பிராணி போட்டா எப்படி இருக்கும்?"

"புகைன்னாரு, புகை கீது. அதுக்கு மேல இன்னா மச்சான் வேணும்?" என்றான் பாடகன்.

எனக்கும் மனம் ஒப்பவில்லை. வெளிநாட்டார் அமரும் இடத்தில் இது நகைப்புக்கிடமாகும் என்று அஞ்சினேன். ஆயினும் வேறு வழி புலப்படாததால், நாங்கள் செய்யவிருப்பது இன்னதென்று பாயிடம் விளக்கினேன்.

"பாட்டு எவ்ளோ நேரம் அண்ணாத்த?"

"இருபது நிமிசம்."

"இருபது நிமிசம் ஒரே பாட்டா? யாரு செத்துட்டாங்க?"

ட்ரம்ஸ்காரர் சிரித்ததில் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. மேடையைச் சுற்றிவந்து பார்த்தார். காற்று வரும் திசையைக் கையை நீட்டிச் சோதித்தார். "பொழுது சாஞ்சதும் மஃரிப் தொழுதுட்டு வந்துடறேன். அதுக்கப்பறம்தான் நீங்க ஆரம்பிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வந்தார். எனக்கும் ட்ரம்ஸுக்கும் இடையில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் குத்துக்காலிட்டு அமர்ந்துகொண்டார்.

தொடர்ந்து நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள இரண்டு செய்திகளைக் கூற வேண்டும். முதலாவது, மேடைக்குப் பின்னால் கடல். அந்தப் பருவத்தில் காற்று கடலிலிருந்து கரை நோக்கி வீசும். ஆகவே புகை எங்கள் காலடியில் தங்காமல் நேரே கூட்டத்தை நோக்கிச் சென்றது. இரண்டாவது, எங்களுடைய இருபது நிமிடப் பாட்டின் நடுவே எல்லாக் கருவிகளும் அடங்கி, என் ஆர்கன் ஒலி மட்டும் நீண்டு நிற்கும் ஓர் இடம் உண்டு. அங்கே அந்த ஆங்கிலேயர்கள் பெரிய குழாய் மணிகளை அடித்திருக்கிறார்கள். அத்தகைய மணிகளுக்கு நாங்கள் எங்கே போவது? காஞ்சிபுரத்துப் பாத்திரக் கடையில் வாங்கிய வெண்கல மணியொன்று ட்ரம்ஸ் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

புல்வெளியில் பெரும்பாலும் வார இறுதிக்கு வந்த நம்மூர்க் குடும்பங்கள் இருந்தன. ஓரத்து மேசைகளில் வெளிநாட்டார் சிலர். முதல் எட்டு நிமிடங்கள் அவர்கள் உண்பதும் பேசுவதுமாக இருந்தார்கள். குழந்தைகள் ஓடின. தாளம் ஏழுக்குப் போகும் பகுதியில் கிதார் இளைஞர் உயிரைக் கொடுத்து வாசித்தபோதும் ஒருவர் இருவரே நிமிர்ந்து பார்த்தனர். மேலாளர் தூரத்தில் கைகட்டி நின்றார். மண்டபத்துச் சாவிக்கொத்து என் கண்முன் ஆடியது.

அமைதியான பகுதி வந்தது. விளக்கு மங்கியது. நான் இரு கைகளையும் அழுத்தி அந்த நீண்ட ஒலியை எழுப்பினேன். பாய் சட்டியில் ஒரு பிடி சாம்பிராணியைத் தூவி மயிலிறகால் வீசினார். புகை திரளாக எழுந்து புல்வெளியை நோக்கிச் சென்றது. ட்ரம்ஸ்காரர் வெண்கல மணியை அடித்தார். நிறுத்தி, நிறுத்தி, மீண்டும் அடித்தார்.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் எழுந்தார். அவரை அடுத்து அவருடைய மகனும் மருமகளும் எழுந்தனர். பக்கத்து மேசையில் நால்வர். அதற்கடுத்த மேசை. எழுந்து போகிறார்கள் என்றே நினைத்தேன். எல்லாம் முடிந்தது, ஞாயிறன்று மைத்துனனுக்கு என்ன சொல்வது என்று எண்ணத் தொடங்கினேன். ஆனால் எழுந்தவர்கள் நகரவில்லை. முதலில் எழுந்த அம்மாள் குனிந்து செருப்பைக் கழற்றி ஒருபுறம் தள்ளிவைத்தார். பின்னர் கைகூப்பினார்.

வெள்ளிக்கிழமை, அந்திப் பொழுது, சாம்பிராணி வாசம், வெண்கல மணி. இவை யாவும் ஒன்றுசேர்ந்தால் நம் மக்களின் கால்கள் தாமாகவே எழுந்து நிற்கும் என்பதை நாங்கள் நால்வரும் சிந்திக்கவில்லை. புல்வெளியெங்கும் செருப்புகள் கழன்றன. கூட்டம் முழுவதும் நிற்பதைக் கண்ட வெளிநாட்டார், இது ஏதோ மரியாதை என்று கருதிப் போலும், கோப்பைகளை வைத்துவிட்டு அவர்களும் எழுந்தனர்.

கிதார் இளைஞர் கண்களை மூடியிருந்ததால் எதையும் அறியவில்லை. ட்ரம்ஸ்காரர் அறிந்தார். மணியை அடிப்பதா நிறுத்துவதா என்று என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, கற்பூரம் ஏத்தணுமா?" என்றார் உதட்டை அசைக்காமல்.

"அடிச்சிக்கினே இரு" என்றேன்.

அந்த ஒலியை இசைத்தட்டில் உள்ளதைவிட நெடுநேரம் நீட்டினேன். நாற்பது ஆண்டுகளில், கேசட்டில் இல்லாததை நான் மனமறிந்து வாசித்தது அப்போதுதான். அத்தனை பேர் எனக்கெதிரே பேச்சற்று நின்றது என் வாழ்நாளில் நிகழ்ந்ததில்லை. அவர்கள் நின்றது எனக்காக அன்று என்பதை நன்கறிவேன். இருந்தும் அது இதமாக இருந்தது. பின்பு தலையசைத்தேன். ட்ரம்ஸ் வேகத் தாளத்தில் புகுந்தது. கூட்டம் திடுக்கிட்டது. கைகூப்பிய அம்மாள் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார், மேடையைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய மகனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு மேசைக்கு மேசை பரவியது. எழுந்து நின்றவர்களுக்கு மீண்டும் அமரத் தோன்றவில்லை. நின்றபடியே கைதட்டத் தொடங்கினார்கள். குழந்தைகள் வெறுங்காலோடு புல்லில் குதித்தன. இறுதிவரை ஒருவர் கூடச் சாப்பாட்டுத் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்ததும் மேலாளர் எங்களிடம் வந்தார். கிதார் இளைஞர் நேர்மை மிக்கவர். அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க இயலவில்லை.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். அவங்க பூஜைன்னு நெனச்சு எழுந்துட்டாங்க. எங்களுக்காக இல்ல."

"தெரியும் தம்பி" என்றார் மேலாளர். அப்போதுதான் அவர் காலைக் கவனித்தேன். காலுறைகள் மட்டுமே இருந்தன. அவை பனியில் நனைந்திருந்தன. "இருபது வருஷமா ஹோட்டல் லைன்ல இருக்கேன். சாப்பிடுறவங்க சாப்பாட்ட வுட்டுட்டுப் பாட்டு கேட்டு நான் பாத்ததில்ல. மாசி முடியுற வரைக்கும் சனிக்கிழமை எல்லாம் உங்களுக்குத்தான். மெஷின் வேணாம். இந்த பாயையே கூட்டிட்டு வாங்க."

சட்டியிலிருந்த சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த பாய் நிமிர்ந்தார். "சனிக்கிழமைன்னா சரி. வெள்ளிக்கிழமைன்னா நமக்குக் கடைங்க கீது."

இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு மேடையின் விளிம்பில் அமர்ந்தேன். கீழே, புல்வெளியில், விருந்தினர் கைபேசி வெளிச்சத்தில் தத்தம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தனர். ஒருவருடையதை ஒருவர் எடுத்துப் பார்ப்பதும் மாற்றிக் கொடுப்பதுமாக அங்கே ஒரு சந்தையே கூடியிருந்தது. மேலாளரும் தம் கறுப்புக் காலணியில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தேடியலைந்தார்.

அங்கிருந்தே மனைவியை அழைத்துச் செய்தியைச் சொன்னேன்.

"நெஜமாவா? மாசி முடியவா?"

"மாசி முடிய. ஒவ்வொரு சனிக்கிழமையும்."

அவள் வாரங்களை முணுமுணுத்து எண்ணுவது கேட்டது.

"சரி, தம்பிக்கு நானே போன் பண்றேன். அவன் நாற்காலில அவனே உக்காரட்டும்" என்றாள். பிறகு, "ராத்திரிக்கு எதுனா துன்னீங்களா?" என்று கேட்டாள்.

இன்னும் இல்லை என்றேன். வீட்டில் தோசை மாவு இருப்பதாகவும், வரும்போது தேங்காய் ஒன்று வாங்கிவரும்படியும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பிய வேனில், பாயின் தணல் சட்டியைப் போலவே என் கீபோர்டும் சாம்பிராணி மணந்தது.