விஸ்தின் அளந்த பதினாறு சுவர்

மால்டாவுக்குப் பக்கத்திலுள்ள சின்னத் தீவில், நதூர் கிராமத்தில் நிலம் பிரிக்க வேண்டுமென்றால் பாதிரியாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் விஸ்தினைத்தான் கூப்பிடுவார்கள். எட்டுச் சாண் நீளமுள்ள அளவுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் சந்தில் நடந்து வந்தால், அடித்துக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகள்கூட வாயை மூடிவிடுவார்கள். பதினாறு கோல் நீளம், பதினாறு கோல் அகலம், ஒரு தும்னா. கோதுமை அளக்கும் மரக்காலுக்கும் தும்னா என்றுதான் பெயர். ஒரு மரக்கால் விதையை வீசி முடித்தால் ஒரு தும்னா நிலம் முடிந்திருக்கும். இது அந்தத் தீவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

நேர்மையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முயல் கறி செய்து வைத்திருக்கிறோம், வந்து ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று யாராவது இழுத்தால், “அளந்து முடிக்கிற வரைக்கும் உங்க வீட்டுத் தண்ணிகூட எனக்கு வேணாம்யா” என்று சொல்லிவிடுவார். பிடிவாதக்காரர், முன்கோபி, தான் சொன்னதே சரி என்று நிற்பவர். ஆனால் கை சுத்தம். அதை யாரும் மறுக்க முடியாது.

இவ்வளவு நல்ல மனிதருக்குக் கூடப் பிறந்த தங்கை ஜக்பினாவோடு இருபத்தேழு வருஷமாகப் பேச்சு இல்லை.

அப்பா இறந்தபோது தொடங்கிய விவகாரம் அது. ஆறு தும்னா நிலத்தை விஸ்தினே அளந்து இரண்டாகப் பிரித்தார். மேலே சமதளம் மூன்று தும்னா. கீழே கடலைப் பார்த்து இறங்கும், படிக்குப் படி கற்சுவர் கட்டிய படிக்கட்டு வயல் மூன்று தும்னா. தொப்பிக்குள் ஒரு வெள்ளை அவரை விதையும் ஒரு கறுப்பு அவரை விதையும் போட்டுக் குலுக்கினார்கள். அண்ணனுக்கு மேடு, தங்கைக்குச் சரிவு. அதில் ஒரு குற்றமும் இல்லை.

விதைப்பு வந்தது. ஜக்பினா மூன்று மரக்கால் விதையோடு இறங்கினாள், அரை மரக்கால் மிஞ்சியது. மறு வருஷமும் அதே அரை மரக்கால். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ரொட்டி அடுப்படியில் நாலு பெண்களுக்கு நடுவில் போட்டு உடைத்துவிட்டாள். “எங்க அண்ணன் கோலு பொய் சொல்லுதுடீ. என் நெலம் மூணு தும்னா இல்ல.”

விஸ்தினுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “உன் கை கஞ்சக் கை! விதைய எண்ணி எண்ணிப் போட்டா மிஞ்சத்தான் செய்யும்” என்று கத்தினார். ஊரிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லோர் கண் முன்னாலும் மறுபடி அளந்தார். அகலம் பதினாறு கோல், நீளம் நாற்பத்தெட்டு. மயிரிழை குறையவில்லை. அதோடு விட்டாரா? மறுநாள் காலைப் பூசையில் சிலுவையைத் தொட்டு, “என் அளவு பொய்யின்னா என் கை விளங்காமப் போகட்டும்” என்று சத்தியம் செய்தார்.

அன்றோடு அவள் பெயர் பொய்க்கார ஜக்பினா ஆயிற்று. அவளுக்குப் பேசி வைத்திருந்த சன்னாத் ஊர் மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்கள். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. அதற்கப்புறம் அவளைக் கேட்டு யாரும் வரவில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் வசந்தத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்க வரைபடம் போட வேண்டுமென்று மால்டாவிலிருந்து ஒரு இளம் இஞ்சினியர் கப்பலேறி வந்தார். எல்லை காட்டுவதற்கு விஸ்தினைத் துணைக்கு அழைத்தார். போன இடம் ஜக்பினாவின் சரிவு. இஞ்சினியர் மேல்படியில் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அந்தரத்தில் நேராக இழுத்து, அங்கிருந்து கீழ்ப்படிக்கு ஒரு குண்டுநூலைத் தொங்கவிட்டார்.

விஸ்தினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஐயா, நாடா காத்துல தொங்குது! அளவுன்னா மண்ணத் தொடணும். எங்கப்பா காலத்துலேருந்து கோலத் தரையிலேருந்து தூக்குனதே இல்ல நாங்க.”

“அப்ப இந்தச் சுவர் வந்தா என்ன செய்வீங்க பெரியவரே?”

“என்ன செய்வோம்? சுவத்துமேல கோலச் சாய்ச்சு அளந்துகிட்டே எறங்குவோம். சுவரும் நெலத்துக்காரனோடதுதான?”

இஞ்சினியர் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “சுவத்துல கோதும போடுவீங்களா?”

விஸ்தின் சரிவின் பக்கம் திரும்பினார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவரே ஆயிரம் தடவை ஏறி இறங்கிய சரிவு அது. விரலை மடக்கி எண்ணினார். பதினாறு சுவர். ஒவ்வொன்றும் நாலு சாண் உயரம், அரைக் கோல். பதினாறு அரை, எட்டுக் கோல். நாற்பத்தெட்டில் எட்டுப் போனால் நாற்பது. நாற்பதுக்குப் பதினாறு, இரண்டரை தும்னா.

அரை தும்னா குறைவு. வருஷா வருஷம் அவள் சாக்கில் மிஞ்சிய அதே அரை.

“ஐயோ! என்ன காரியம் பண்ணிட்டேன்” என்று அங்கேயே தலையில் கை வைத்துக்கொண்டார். இஞ்சினியர் பதறிப்போய்த் தண்ணீர்க் குப்பியை நீட்டினார். விஸ்தின் அதைக் கவனிக்கவே இல்லை. கோலை அங்கேயே போட்டுவிட்டுத் தங்கை வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஜக்பினா முற்றத்தில் உட்கார்ந்து ஆட்டுப் பாலாடைக்கட்டிகளைக் கூடையில் உலர வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் அண்ணன் நிற்பதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“நீ சொன்னதுதான் சரி. சுவத்தையும் சேர்த்து அளந்துட்டேன் ஜக்பினா. பதினாறு சுவரு.”

“தெரியும்” என்றாள்.

“என்னது?”

“நீ சத்தியம் பண்ண அன்னிக்கே தெரியும். மத்தியானம் வயல்ல குந்தியிருந்தேன். சுவத்துல உன் கோலு ஒரசுன தடம் வெள்ளையாத் தெரிஞ்சுது. எனக்கும் எண்ணத் தெரியும்ல?”

விஸ்தின் கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். “அட பாவி! அப்பவே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

“வந்தேன். உன் வாசல் வரைக்கும் வந்தேன். ஷஆரா ஊருலேருந்து மூணு குடும்பம் தொப்பியக் கையில வெச்சுகிட்டு, நெலம் அளக்க உன்னக் கூப்புட நின்னாங்க. உள்ள உன் பொண்டாட்டி நாலு பிள்ளைக்கும் கஞ்சி ஊத்திகிட்டு இருந்தா. காலையிலதான் சிலுவையத் தொட்டுட்டு வந்திருக்க. நான் வாயத் தொறந்தா நீ பொய்ச் சத்தியம் பண்ணவன். அப்புறம் உன்ன எவன் கூப்புடுவான்? திரும்பிப் போயிட்டேன்.”

“இருபத்தேழு வருஷமாடீ!” என்றார். அந்த முரட்டு மனிதர் அழுதார்.

“ஆமா. அழுதா கொறஞ்சிடுமா? மூக்கத் தொடச்சுக்க.”

“ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கோயில் படியில நின்னு ஊருக்கே சொல்லுவேன்.”

ஜக்பினா கூடையைத் தள்ளி வைத்தாள். அப்புறம், “சொல்லு” என்றாள். அதுவரை கல்லாக இருந்தவள் குரல் அந்த ஒரு சொல்லில் உடைந்துவிட்டது. “செத்தப்புறமாவது என்ன நல்ல பேரால கூப்புடட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயில் படி நிறைய ஆட்கள். ஜக்பினா கறுப்பு முக்காட்டோடு தூணோரம் நின்றாள். விஸ்தின் எதையும் மறைக்கவில்லை. கோலைச் சுவரில் சாய்த்தது, பதினாறு சுவர், எட்டுக் கோல், அரை தும்னா எல்லாவற்றையும் சொன்னார். “என் தங்கச்சி பொய் சொல்லல. என் சத்தியந்தான் பொய்” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

ஒரு நிமிஷம் எல்லோரும் திகைத்து நின்றார்கள். பின்னே? அங்கே நின்றவர்களில் பாதிப் பேருடைய நிலம் அவர் பிரித்ததுதான். அதிலும் மேட்டு நிலம் பங்காகப் பெற்று, அளவு தப்பென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் முதல் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருவன், ரொட்டிக்காரன் கிரேட்சு, தொப்பியைக் கழற்றினான்.

“என்ன மனுஷன்யா! தங்கச்சி பேரக் காப்பாத்துறதுக்காக இவ்வளவு பெரிய பழியத் தன் தலையில போட்டுக்கறாரு பாருங்க!”

“அதான! எட்டுப் பேரு முன்னாடி அளந்தாரே, அதுல எங்க தப்பு வரும்?”

“பொய் சொல்லக்கூடத் தெரியல அவருக்கு. பாவம், நல்ல மனசு.”

“டேய், நெசமாத்தான்டா சொல்றேன்!” என்று விஸ்தின் அலறினார். தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் அவர் கையைப் பிடித்து மது குடிக்க இழுத்தார்கள். உதறிவிட்டுத் தூணைப் பார்த்தார். ஜக்பினா அங்கே இல்லை.

ஊர் நம்பாவிட்டால் போகட்டும், நிலத்தையாவது கொடுப்போம் என்று மறுநாள் விடிந்ததும் வயலுக்குப் போனார். இரண்டு பேருக்கும் சமமாக வரவேண்டுமென்றால் குறைந்த எட்டுக் கோலில் பாதி, தன் பக்கம் நாலு கோல் விடவேண்டும். எல்லைக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து மேலே நகர்த்தினார். கீழே முதல் படியில் ஜக்பினா களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

பாதையில் கழுதை வண்டியோடு போன கிரேட்சு நிறுத்திப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

“யம்மா ஜக்பினா! நீ பேசுன பேச்சுக்கு, நெலத்தையும் எடுத்துக் குடுக்கறாரே! இப்படி ஒரு அண்ணன் கெடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்.”

ஜக்பினா நிமிரவில்லை. விஸ்தின் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.