வின்ச்சுக்குக் கீழே நிற்கிற ஆள்

நன்றாக வேலை செய்கிற ஒரு சாமானைப் பழுது என்று பொய் சொல்லி, பதுளைக்கும் கொழும்புக்கும் அலைய எனக்கென்ன பைத்தியமா? இதை நான் இரண்டு ஊர் கவுண்டரிலும் கேட்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, "டீ குடிக்கிறீங்களா மேடம்" என்றார்கள். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளுக்கு டீயைக் காட்டிச் சமாளிக்கப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களிடம் ஒரு சின்ன லொறி இருக்கிறது. என் வீட்டுக்காரர் கட்டாரில் வண்டி ஓட்டிச் சேர்த்த காசும் என் கழுத்தில் கிடந்ததும் போக, மிச்சத்துக்கு மாதாமாதம் கட்டுகிற லீசிங் போட்டுப் புதிதாக எடுத்தோம். அந்த லொறியை எடுத்ததே அதன் முன்பக்கத்தில் கம்பெனியிலேயே பூட்டி வந்த வின்ச்சுக்காகத்தான். ஓர் இரும்பு உருளை, அதில் சுற்றிய கம்பிக் கயிறு, நீள வயரில் தொங்கும் ஒரு சுவிட்ச். நமுனுகுலப் பக்கம் தோட்டங்களில் தேயிலைக்குக் கீழே சரிவில் பழைய மரங்களை வெட்டிப் போட்டிருப்பார்கள். ஸ்டோரில், அதுதான் தேயிலை பெக்டரியில், கொழுந்து காயவைக்கிற அடுப்புக்கு அந்த விறகு வேண்டும். அந்தச் சரிவில் வண்டி இறங்காது. தோளில் சுமந்து ஏறவும் முடியாது. லொறியை மேலே ரோட்டில் நிறுத்தி, கம்பியைக் கீழே விட்டு, மரத்தை இழுத்து ஏற்ற வேண்டும்.

கீழே மரத்தைக் கட்டுகிற ஆள் என் வீட்டுக்காரர். மேலே லொறிக்குப் பக்கத்தில் சுவிட்சோடு நிற்கிற ஆள் நான். முதலில் ஒருவரைக் கூலிக்கு வைத்திருந்தோம். அவருக்குச் சம்பளம் வாங்கிய மறுநாள் வேலை என்பதே கிடையாது. பிறகு நானே நின்றுவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது, ஆனால் கவனம் உண்டு. அமுக்கினால் கம்பி மேலே வரும். விரலை எடுத்தால் நிற்கும். நிற்க வேண்டும். அந்தச் சாமானிடம் நாங்கள் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

ஒரு தூறல் நாளில் பெரிய மரம் ஒன்று பாதிச் சரிவில் கட்டையில் மாட்டிக்கொண்டது. அவர் கையைத் தூக்கிக் காட்டினார். நான் விரலை எடுத்தேன். மரம் நின்றது. அவர் அலவாங்கை எடுத்துக்கொண்டு மரத்துக்குக் கீழ்ப்பக்கம் போய் நெம்பினார். மரம் கட்டையை விட்டு விலகி, பாரம் முழுவதும் கம்பிக்கு வந்தது. அப்போது என் கண் முன்னாலேயே அந்த உருளை கிர்ரென்று பின்னால் சுற்ற ஆரம்பித்தது. என் விரல் சுவிட்சில் இல்லை. எதிலும் இல்லை. மரம் அவரை நோக்கி இறங்குகிறது. தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணி ஓட வெட்டிய கானுக்குள் அவர் பாய்ந்து விழுந்தார். மரம் கானுக்கு மேலாகப் போய், தேயிலைச் செடிகளை முறித்துக்கொண்டு கீழே ஒரு பாறையில் முட்டி நின்றது.

சேறும் சகதியுமாக எழுந்து வந்து அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏ புள்ள, வெரல எடுத்தியா இல்லையா?"

"எடுத்தேன். எடுத்ததுக்கு அப்புறந்தான் அது விட்டுச்சு" என்றேன். அந்தக் கேள்விக்கு அவரை ஒரு அறை விடலாம் போல இருந்தது. சாயங்காலத்துக்குள் நாங்கள் குடியிருக்கிற லயம் முழுக்கப் பேச்சு: "பொம்பளகிட்ட சுவிட்சக் குடுத்தா வேற என்ன ஆகும்." பைப்படியில் குடத்தை வைத்தால் என் விரலைத்தான் பார்க்கிறார்கள்.

மறுநாள் லொறியைப் பசறையில் எங்களுக்குத் தெரிந்த கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த மெக்கானிக் பாஸ் குனிந்து பார்த்தார், உருளையைக் கையால் தட்டிப் பார்த்தார். "உள்ளுக்குள்ள பிரேக் புடிக்கல்ல போல இருக்கு. ஆனா நான் தொட மாட்டேன் அக்கா. கம்பெனி சீல உடைச்சா வொரண்டி போயிரும். அப்புறம் கம்பெனிக்காரன் என்னையத்தான் கைகாட்டுவான்" என்றார். சரியான பேச்சுத்தான். அதனால் பதுளையில் வண்டி எடுத்த இடத்துக்கே போனோம்.

வண்டி எடுக்கப் போனபோது எங்களுக்கு நாற்காலி துடைத்துப் போட்ட அதே இடம். இப்போது நிற்க வைத்துப் பேசினார்கள். "வின்ச் செய்யிறது வேற கம்பெனி மேடம், நாங்க வண்டி மட்டுந்தான்" என்றார்கள். அவர்களே கொடுத்த நம்பருக்கு அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டால், "வண்டியோட பூட்டி வந்ததுன்னா வண்டிக்காரங்கதான் பொறுப்பு" என்றார்கள். இவர் அவரைச் சொல்ல, அவர் இவரைச் சொல்ல, நடுவில் நாங்கள் பந்து. என் சத்தம் கூடவும், உள்ளேயிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அவர் வெளியே வந்து வின்ச்சைச் சுற்றிப் பார்த்தார். திடீரென்று போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"இது என்ன, செவப்பா?" என்றார்.

"குங்குமம்" என்றேன்.

வண்டி வந்த அன்றைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டோம். சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்த பூசாரியிடம், "இதுக்கும் வைங்க சாமி, இதுதான் எங்களுக்குச் சோறு போடப்போவுது" என்று வின்ச்சைக் காட்டியது நான்தான். அவரும் பட்டை அடித்து, சந்தனம் அப்பி, பெரிதாகப் பொட்டு வைத்து, மஞ்சள் தண்ணியும் தெளித்தார். அந்தப் பொட்டைத்தான் இந்த மனிதர் படம் பிடித்தார். வெளிப்பொருள் பட்டிருக்கிறது, தண்ணி ஊற்றியிருக்கிறீர்கள், இதற்கு வொரண்டி பேசுவது கஷ்டம் என்றார்.

வந்ததே எனக்கு. இந்த ஊரில் பொட்டு வைக்காத வண்டி எது? அவர்கள் கடையிலேயே மாலை போட்டுத்தானே சாவியைக் கையில் கொடுத்தார்கள்? மழை வெயிலில் சேற்றில் இழுக்கிற சாமான் என்று சொல்லி விற்றது மூன்று விரலில் தெளித்த மஞ்சள் தண்ணிக்குக் கெட்டுப்போகுமா? "பொட்டு வெளிய இருக்கு சேர், பிரேக் உள்ள இருக்கு. சாமி உள்ள போயி கழட்டிப் போட்டுட்டாரா?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "கோவிச்சுக்காதீங்க சேர், அது அப்படித்தான் பேசும்" என்று அந்த ஆளிடம் மன்னிப்பும் கேட்டார். எனக்கு மானமே போனது.

கொழும்பில் இருக்கிற வின்ச் கம்பெனிக்கே கொண்டு போங்கள் என்றார்கள். போனோம். அங்கே சிமெந்து போட்ட ஒரு முற்றம், கேரம் போர்டு மாதிரி சமதரை. ஒரு பழைய வேனை அதில் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். இழுத்தது. விரலை எடுத்தார்கள். நின்றது. சமதரையில் வேன் எங்கே போகும்?

"எங்க ஊர்ல தரை இப்படி இருந்தா எங்களுக்கு வின்ச் எதுக்கு சேர்?" என்றேன்.

அங்கே இருந்த பெரியவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "யாரு ஒப்பரேட் பண்றது?" என்றார். அவர் என்னைக் காட்டினார். அந்த ஆள் என் கை வளையலைப் பார்த்து, "அப்ப அதுதான்" என்றார். அவ்வளவுதான் அவர் தீர்ப்பு. என் வீட்டுக்காரர் அதற்கும், "சரிங்க சேர், நல்லதுங்க சேர்" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் வேலையை நிறுத்தவில்லை. லீசிங்காரன் நம்முடைய வின்ச் கதையைக் கேட்டுக்கொண்டு இருப்பானா? "பாத்து செய்வோம் புள்ள" என்பார். மரத்தைப் பாதியில் நிறுத்தினால், பாரத்துக்கு இன்னொரு கயிற்றைப் போட்டு மேலே நிற்கிற ஒரு மரத்தில் சுற்றிக் கட்டுவோம். அந்தக் கயிறும் அறுந்தால் என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. வின்ச் ஒருநாள் ஒழுங்காக நிற்கும், இன்னொரு நாள் விடும். ஒவ்வொரு முறை விரலை எடுக்கும்போதும் உருளையைத்தான் பார்ப்பேன். எங்களுக்கு இரண்டும் பொம்பளைப் பிள்ளைகள். கானுக்கு எட்டாத இடத்தில் என்றைக்காவது நின்றுவிடுவாரே, அன்றைக்கு அவர்களிடம் நான் என்ன சொல்வேன்? சுவிட்ச் அம்மாவின் கையில்தான் இருந்தது என்று ஊரே சொல்லுமே.

பிறகு ஒருநாள் அவரிடம் சொல்லாமல் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். கடைக்குள் போய் நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். "யாரையும் இல்ல. மலைக்கு வந்து பாக்கிற ஆள அனுப்புற வரைக்கும் இருக்கப்போறேன்" என்றேன். அன்றைக்கு எங்கள் வண்டியைப் போலவே ஒன்றை, அதே வின்ச்சோடு வாங்குவதற்குப் பண்டாரவளையிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வந்திருந்தார். மரக்கடை வைத்திருப்பவராம். அவருக்கு வின்ச்சைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நானா, அதுக்குக் கீழ மட்டும் ஆள நிப்பாட்டிராதீங்க" என்றேன்.

அவர் திரும்பினார். "ஏன் தங்கச்சி?"

எல்லாவற்றையும் சொன்னேன். கானில் விழுந்ததையும் சொன்னேன், பொட்டையும் சொன்னேன். நானா கையிலிருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப முதல்ல இந்தத் தங்கச்சியோடத பாருங்க, பொறகு நான் வாறேன்" என்று எழுந்து போனார். மாதக்கணக்காக நான் கத்தியதற்கு அசையாதவர்கள், ஒரு வியாபாரம் எழுந்து போனதும் எனக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். கொழும்பிலிருந்து இன்ஜினியர் ஒருவர் எங்கள் மலைக்கு வருவார் என்று முடிவானது.

வந்தார். தமிழ் ஆள்தான். காலில் நல்ல சப்பாத்து போட்டிருந்தார், மரியாதையாகத்தான் பேசினார். சுவிட்சைத் தானே கையில் வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கீழே போய் ஒரு மரத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். பாதிச் சரிவு வரை இழுத்து விரலை எடுத்தார் இன்ஜினியர். என் கெட்ட நேரம், அன்றைக்கென்று மரம் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தோம். ஒரு அங்குலம் இறங்கவில்லை.

"பாத்தீங்களா மேடம். நல்லாத்தானே இருக்கு."

"அப்ப கீழ போயி நில்லுங்க சேர்" என்றேன்.

"எங்க?"

"மரத்துக்குக் கீழ. எங்க வீட்டுக்காரர் தெனம் நிக்கிற எடத்துல."

அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். "அதுக்கு அவசியம் இல்ல மேடம். நாங்க டெஸ்ட் பண்ணிட்டோமே."

"டெஸ்ட் பண்ணின ஆள்தானே நிக்கணும். நல்லாத்தானே இருக்குன்னீங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அது வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அவர் அப்படி நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஆனால் என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை.

"விடு புள்ள. சேர் எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காரு" என்று கீழேயிருந்து சொன்னார். "நான் நிக்கிறேன் சேர்" என்று சொல்லிவிட்டு, நேராக மரத்துக்குக் கீழ்ப்பக்கம் போய், அதில் ஒரு கையையும் வைத்துக்கொண்டு, மேலே எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இன்ஜினியர் கத்தினார். "அங்க நிக்காதீங்க. தள்ளுங்க. மேல ஏறி வாங்க, மேல வாங்க."

"ஏன் சேர்?" என்றேன். அந்த அலைச்சல் முழுவதிலும் நான் சத்தம் போடாமல் கேட்டது அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் மரத்தைச் சுற்றி ஏறி வந்து ரோட்டில் கால் வைக்கும்வரை இன்ஜினியர் அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு சுவிட்சை என் கையில் தராமல் லொறியின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய்ப் பேசினார். திரும்பி வந்து, வின்ச்சை முழுதாக மாற்றித் தருவார்கள் என்றார். பழுது என்பதால் அல்லவாம், கம்பெனியின் நல்லெண்ணத்தால் தருகிறார்களாம். அந்த வார்த்தைக்கு அவரை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டிருப்பேன். என்னவோ, கேட்கவில்லை. அவர் இன்னும் அந்த மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதியதைக் கொண்டு வந்து பூட்டிவிட்டார்கள். இதுவரை அது நழுவவில்லை. ஆனால் என் கோபம் அன்றைக்கு இன்ஜினியர் வந்த ஜீப்போடு போய்விடவில்லை. ஜீப் வளைவில் மறைந்ததும் வீட்டுக்காரரிடம் திரும்பினேன்.

"எதுக்குப் போயி நின்னீங்க?"

"அந்த மனுசன் மொகம் சுருங்கிப் போச்சு புள்ள. பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு."

இதுதான் காரணம். சப்பாத்து போட்ட ஒரு ஆளுக்கு வெட்கமாகிவிடக் கூடாது என்பதற்காக என் புருசன் மரத்துக்குக் கீழே போய் நின்றிருக்கிறார். கம்பெனிக்காரர்கள் மேல் வந்ததை எல்லாம் சேர்த்தாலும் அப்போது அவர் மேல் வந்த கோபத்துக்குப் பக்கத்தில் நிற்காது. அவர்களுக்கு நாங்கள் யாரோ. இவருக்குத் தன் உயிரே யாருடையதோ.

"இன்னொரு தடவ எவன் மொகமும் சுருங்கக் கூடாதுன்னு நீங்க அங்க போயி நின்னீங்கன்னா, வின்ச் விடுறதுக்கு முன்னால நானே விட்டுருவேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "நீ விட மாட்ட புள்ள."

"விடுவேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழவைத்ததற்கும் சேர்த்து அவரைத் திட்டினேன்.