கோட்டோபாக்ஸி நடத்திய நாள்

என் கணவர் இறந்த பதினெட்டாம் நாள் நான் கல்லூரிக்குப் போனேன். காரியம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டில் எனக்குத் துணையாக இருந்த அக்கா, நான் புடவைக்கு ஊக்கு குத்துவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னும் ஒரு மாசம் போகட்டுமே. அக்கம்பக்கத்துல என்ன பேசுவாங்க?"

"பாடம் பாக்கி இருக்குக்கா."

அது பொய்யில்லை. புவியியல் இரண்டாம் ஆண்டுக்கு எரிமலைகள் நடத்த வேண்டியிருந்தது. ஆனால் வீட்டில் இருந்தாலும் வெளியே போனாலும் எனக்கு ஒன்றாகத்தான் தோன்றியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் மாரடைப்பில் விழுந்தார். அன்றிலிருந்து நான் அழவில்லை. வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் முதுகை நான் தடவிக் கொடுத்தேன்.

வகுப்பில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். என் நெற்றியைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டு, பலகையில் ஈக்வடார் நாட்டின் கோட்டோபாக்ஸியை வரைந்தேன். கிட்டத்தட்ட ஆறாயிரம் மீட்டர் உயரம், உச்சியில் பனிக்கட்டி. கடலடித் தட்டு கண்டத்தின் அடியில் நுழைவதால் பாறை உருகி மேலே வருகிறது. ஒருமுறை குழம்பு, ஒருமுறை சாம்பல் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கூம்பாகிறது. அந்தக் குழம்பு இறுகி உண்டாகும் ஒருவகைப் பாறைக்கு ஆண்டிஸ் மலையின் பெயரையே வைத்து ஆண்டிசைட் என்கிறார்கள். என் குரல் தெளிவாக இருந்தது. வேறு யாரோ நடத்துவதைக் கேட்பது போல நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு 1877க்கு வந்தேன். அந்த வருடம் மலை பொங்கியதைப் பார்த்தவர்கள், சோற்றுப் பானை பொங்கி வழிவது போல இருந்தது என்றார்களாம். வழிந்த சூட்டில் பனி உருகி, சாம்பலோடு கலந்து சேறாகப் பள்ளத்தாக்குகளில் இறங்கியது. லடகுங்கா என்ற ஊரை அழித்து, இன்னொரு பக்கம் பசிபிக் கடல் வரை போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகும் மலை பலமுறை புகைந்திருக்கிறது. 2015இல்கூடச் சாம்பல் கக்கியது.

அடி அண்ணாமலையிலிருந்து வரும் ஒரு மாணவி கை தூக்கினாள்.

"நம்ம மலையும் ஒரு காலத்துல நெருப்பாத்தானே மேடம் இருந்துச்சு?"

ஜன்னலுக்கு வெளியே அண்ணாமலை தெரிந்தது. "இது எரிமலை இல்லம்மா. பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல உருவான பாறை. மேல இருந்ததெல்லாம் தேஞ்சு போனதால வெளிய வந்துச்சு. சாமி கதை வேற, பாறை கதை வேற. ரெண்டையும் வெச்சுக்கலாம்."

மணி அடித்ததும் மற்றவர்கள் போய்விட்டார்கள். கேள்வி கேட்டவள் மட்டும் கேன்டீனிலிருந்து டீ வாங்கி வந்து மேசைமேல் வைத்தாள்.

"எங்கப்பா போன வருஷம் தவறிட்டாரு மேடம். மூணாம் நாளே செமஸ்டர் எழுத வந்தேன். என்ன எழுதினேன்னே தெரியல. பாஸாயிட்டேன்."

"அழுதியா?"

"அப்ப இல்ல. ரொம்ப நாள் கழிச்சு, கேஸ் சிலிண்டர் வந்தப்போ. ஓடிபி அவரு போனுக்குப் போயிருக்குனு சொன்னாங்க. வாசல்லயே உக்காந்துட்டேன்."

டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். அவள் பதறி, "மேடம், சூடா இருக்குங்க" என்றாள். எனக்குச் சூடு தெரியவில்லை. அடுத்த வகுப்புக்கும் போய் அதே படத்தை மறுபடி வரைந்தேன்.

சாயங்காலம் ரசம் சாதம் வாயில் வைத்தபோதுதான் நாக்கு வெந்திருப்பது புரிந்தது. அக்கா என் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்தாள். அப்படியே என் முகவாயைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வாயைத் திறந்தபடி, சர்க்கரை கரையும் வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனாள். பஸ் ஏற்றிவிட்டு வந்து, திங்கட்கிழமை நடத்த வேண்டிய ஆறுகள் பாடத்துக்குக் குறிப்பெடுத்தேன்.