ஏழு அறைக்கும் ஒரே பெயர்

1999 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வெயில் இறங்கவில்லை. ஆடி பிறக்க இன்னும் ஆறு நாள் இருந்தும் காற்று முந்திக்கொண்டு, செக்காலை ரோட்டுப் புழுதியை என் கம்ப்யூட்டர் சென்டருக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பினாங்கிலிருந்து அந்தப் போன் வந்தது.

இத்தனை வருடம் கழித்து அதைக் கிளறியது நேற்று இணையத்தில் ஏதோ கட்டணம் கட்டப் போன இடம். “தங்கள் உலாவியில் சில வசதிகள் இயங்காமல் போகலாம்” என்றது கைபேசி. போகலாமாம். போகுமா, போகாதா என்று சொல்லத் துப்பில்லை. இந்த வாக்கியத்தை முன்பு நூறு பக்கங்களிலாவது படித்திருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு இணையப் பக்கத்தின் அடியிலும் ஒரு வில்லை ஒட்டியிருப்பார்கள், இன்ன உலாவியில் பார்த்தால்தான் நன்றாகத் தெரியும் என்று. இட்லிக் கடைக்காரர், எங்கள் தட்டில் வைத்துத் தின்றால்தான் இட்லி, மற்றத் தட்டில் அது வெறும் மாவு என்று எழுதி மாட்டினால் கடைக்குப் போவோமா? இதற்குப் போனோம்.

அன்றைக்கு உலாவிகள், அதாவது பிரவுசர்கள், இரண்டு. ஒன்றுக்கு அடையாளம் நீல நிறத்தில் ஆங்கில ‘ஈ’ எழுத்து, மற்றதற்கு ஆங்கில ‘என்’ எழுத்து. பக்கத்தில் ஒரு பெயரை மறைத்து இன்னொன்றைக் காட்ட வேண்டுமானால், ஈக்காரனிடம் ‘ஆல்’ என்று கேட்க வேண்டும். ‘என்’காரனிடம் ‘லேயர்ஸ்’ என்று கேட்க வேண்டும். மாற்றிக் கேட்டால் வாயே திறக்காது. படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலையின் லட்சணம் இது.

இருபத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வுப் பணத்தில் மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தேன். மூன்றிலும் ஈதான். மற்றதை டெலிபோன் கம்பி வழியாக இறக்க நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் பாதியில் அறுந்தது. போகட்டும், எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். கணக்கு வாத்தியார் செய்கிற காரியமா இது?

நாச்சியாபுரத்தில் சாத்தப்பன் அண்ணன் வீடு. அண்ணன் என்பது மரியாதைக்கு, அறுபத்தெட்டு வயது. வீடு ஏழு பங்காளிகளுக்குப் பொது. முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டில் நான்கு அறை, இரண்டாம் கட்டில் மூன்று, பங்குக்கு ஒன்று. ஏழு பேரில் ஊரில் இருந்தவர் அவர் ஒருவரே. இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து முப்பத்தோரு இடத்தில் ஒழுகியது. நானே எண்ணினேன். ஐப்பசி மழைக்கு முன் மாற்றாவிட்டால் சுவர் நிற்காது. ஆனால் ஒரு ஓட்டைத் தொடவும் ஏழு பேர் சம்மதமும் வேண்டும். கடிதம் போய்ப் பதில் வர மாதமாகிறது என்று, அமெரிக்காவில் இருந்த அவர் மகள் இணையத்தில் ஒரு பக்கம் போடச் சொன்னாளாம்.

போட்டேன். வீட்டின் வரைபடம். எந்த அறைமேல் மவுஸை வைக்கிறோமோ அந்தப் பங்காளியின் பெயரும், அங்கே ஒழுகும் இடங்களின் எண்ணிக்கையும் மேலே தெரியும். பெயர்களை எந்த வரிசையில் எழுத என்று கேட்டேன். வயதில் மூத்தவர் அவர்தான்.

“வீட்ல இருக்கறவன் பேரை முன்னால போட்டா நல்லாவா இருக்கும்? எம்பேரைக் கடைசியாப் போடுங்க சார்” என்றார். உள்ளிருந்து அவர் மனைவி ஆச்சி, “கல்யாணப் பத்திரிகைல பேர் விட்டுப்போச்சுன்னு மூணு மாசம் பேசாம இருந்தவுக இவுகதான்” என்றார்.

ஆறு பேர் பார்த்தார்கள், ஐந்து பேர் சம்மதம் சொன்னார்கள். ஆறாவது ஆள் பினாங்கு வயிரவன். அவர் ஆபீசில் இருந்தது ‘என்’ உலாவி.

அங்கே என் நிரல் ஓடவில்லை. எதையும் மறைக்கவில்லை. ஏழு பெயரும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கடைசியாக எழுதிய பெயர் மற்ற ஆறையும் மூடிக்கொண்டு மேலே நின்றது. மவுஸை எந்த அறையில் வைத்தாலும் சாத்தப்பன். வயிரவனின் அப்பா பிறந்த அறையிலும் சாத்தப்பன்.

அண்ணன் வீட்டில் போன் பழுதாகி எட்டு நாள். அதனால் இணையப் பக்கத்தில் போட்டிருந்த என் நம்பருக்கே கூப்பிட்டு, வீடு முழுக்க அண்ணனுக்கா என்று கேட்டார் வயிரவன். இரண்டு உலாவியும் இரண்டு விதமாகக் காட்டும் என்று பொறுமையாக விளக்கினேன்.

“ஒரே வீட்டுக்கு எப்படி சார் ரெண்டு பிளான் இருக்கும்?” என்றார்.

நியாயமான கேள்வி. அதை அந்த இரண்டு கம்பெனிக்காரர்களிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்.

மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறி, ‘என்’ எழுத்து உலாவியைச் சிடியில் வாங்கி வந்தேன். ‘ஆல்’ பதினான்கு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும், நீ யாரப்பா என்று முதலில் விசாரித்து, ‘ஈ’யாக இருந்தால் இப்படி, ‘என்’னாக இருந்தால் அப்படி என்று எழுதினேன். ஆறாம் நாள் இரண்டிலும் ஏழு பெயரும் அந்தந்த அறையில் ஒழுங்காக வந்தன. பெருமையாகப் பினாங்குக்குப் போன் போட்டேன்.

வயிரவன் பார்த்துவிட்டுச் சொன்னார்: “போன வாரம் எல்லா ரூம்லயும் அண்ணன் பேரு. நான் கேட்ட பொறகு மாத்திப்பிட்டீக. பழசைப் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன், தெரியுமா?”

திருத்தியதுதான் சாட்சியாகிவிட்டது. அப்புறம் இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் அவர் வீட்டில் இல்லை என்று அவரே சொன்னார்.

விஷயத்தைச் சொல்ல நாச்சியாபுரம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அண்ணன் சரிந்திருந்த ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விடுங்க சார். கடைசில போடச் சொன்னது நாந்தானே.”

பேசிய கூலியைக் கவரில் வைத்துக் கொடுத்தார். ஆச்சியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ஐப்பசியில் இரண்டாம் கட்டின் வடக்குச் சுவர் விழுந்தது. அண்ணன் காலமான பிறகு ஆறு பங்காளிகளும் தகராறில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள், விற்க. தூணும் நிலையும் பழைய சாமான் கடைக்குப் போயின. வீடு இருந்த இடத்தில் இப்போது கருவேலம். ‘என்’ எழுத்து உலாவி செத்தது. அதை ஒழித்துக் கொழுத்த ஈயும் செத்தது. இரண்டுக்கும் சமாதானம் செய்து நான் எழுதிய நிரல் ஒரு பிளாப்பியில் இருக்கிறது. அதைச் செருக ஊரில் ஒரு கம்ப்யூட்டர் இல்லை.

மதுரை பஸ் போகவர நாற்பத்தாறு, சிடி எழுபத்தைந்து, பினாங்குக்கு மூன்று போன் எண்ணூற்று அறுபத்திரண்டு, திருப்பிய கூலி மூவாயிரம். ஆக, அண்ணன் பெயரைக் கடைசியில் போட்ட வகையில் எனக்கான செலவு மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று ரூபாய்.