லெச்சுமி சொன்ன வீட்டுச் சேதி

போன வாரம் என் பேத்தி பாலர் பள்ளியிலிருந்து ஒரு புது நோட்டோடு வந்தாள். வீட்டில் நடந்ததைப் பிள்ளை சொல்ல வேண்டுமாம், பெரியவர்கள் அதை எழுதி அனுப்ப வேண்டுமாம். மருமகள் அடுப்படியில் இருந்ததால் வேலை என் தலையில் விழுந்தது. "தாத்தா, அப்பா அம்மாவ கத்துனாருன்னு எழுதுங்க" என்றாள் பேத்தி. நான் 'இன்று நல்ல வெயில்' என்று எழுதிக் கொடுத்தேன். மருமகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, ரேடியோவுல வானிலை சொல்றீங்களா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளை சொல்லச் சொல்ல எழுதும் இதே வேலையைத்தான் நானும் ஒரு காலத்தில் செய்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு செய்தேன்.

அப்போது எனக்கு இருபது வயது. மூவார் டவுனில் அப்பாவின் மளிகைக் கடையில் பருப்புப் பொட்டலம் கட்டினால் வாசல் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும். இவனுக்கு வாத்தியார் வேலைதான் சரி என்று வீட்டில் முடிவு செய்து, கூலாய் ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள். பள்ளிக்கூடம் என்றால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகை. பக்கத்தில் புகைக்கூண்டு. ரப்பர்த் தகடு புகையில் வேகும் வாசனை சட்டையில், சோற்றில், சிலேட்டில் எல்லாம் ஏறியிருக்கும். இப்போதும் எங்காவது டயர் கருகினால் எனக்கு 'அ' ஞாபகம் வரும். என்னிடம் இருந்தவை ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள், இருபது பேர்.

ரப்பர் விதைகளைப் பொறுக்கிவரச் சொல்லி, மணலில் எழுத்து வடிவத்தில் அடுக்க வைத்தேன். பிள்ளைகள் அடுக்குவார்கள், அப்புறம் அதையே வைத்துக் கோலி ஆடுவார்கள். எழுத்து மட்டும் மண்டையில் நிற்காது. அவர்கள் வீட்டில் எழுத்து என்பதே கிடையாது. அப்பா அம்மா எல்லாரும் கைநாட்டு. 'அணில்', 'ஆடு' என்று நான் கத்துவது யாருக்கோ கத்துவது போல் இருந்தது.

அப்போதுதான் வீட்டுச் சேதி தொடங்கியது. காலையில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லும். சொன்னபடியே ஒரு தடித்த நோட்டில் மையால் எழுதுவேன். அதிலிருந்தே எழுத்தைக் காட்டுவேன். "எங்க வீட்டுப் பூன மூணு குட்டி போட்டுச்சு." "எங்கப்பா கள்ளுக்கட போயி ஒத்தச் செருப்போட வந்தாரு." தன் வாயில் வந்தது தாளில் கிடப்பதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு வந்த வேகத்தைச் சொல்லி முடியாது. ஒரே மாதத்தில் 'பூ' எது, 'செ' எது என்று விரல் வைத்துக் காட்டினார்கள்.

சேதி தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பரவியது. ரப்பர்ப் பால் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, குளித்து, மூன்று மணி வாக்கில் தாய்மார்கள் கொட்டகைக்கு வெளியே வந்து நிற்பார்கள். அவரவர் பிள்ளை சொன்னதை நான் வாசித்துக் காட்ட வேண்டும். ஒற்றைச் செருப்புக்காரர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு ஓடியது இன்னும் கண்ணில் இருக்கிறது. லெச்சுமியின் தாய் அஞ்சலை மட்டும் உள்ளே வந்து உட்காருவாள். "எம் மக பேரு எதுங்க வாத்தியாரே?" என்பாள். ஒரு நாள் நான் காட்டாமலே பக்கம் முழுக்கத் தேடி 'லெச்சுமி'யைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்று எனக்கு இருந்த கர்வத்தைக் கேட்காதீர்கள்.

தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். ஆபீஸ் அவர் கையில், பேரேடு அவர் கையில். தனியாக இருக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டுக்கு என்னைத் தம் வீட்டுக்கே வரச் சொல்வார். தம்பி என்றுதான் கூப்பிடுவார், நானும் அண்ணனாகவே நினைத்தேன். ஒரு நாள், "தம்பி, உந்தக் கொப்பியை ஒருக்காத் தாரும். துரைக்குக் காட்டி உமக்கு நல்ல கரும்பலகை ஒண்டு எடுத்துத் தாறன்" என்றார். நோட்டை வாரிக் கொடுத்தேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை, அவ்வளவு புத்திசாலி நான். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை நோட்டு அவரிடம் போய்வந்தது.

லெச்சுமி ஒரு நாள் சொன்னது எனக்கு இன்றும் மனப்பாடம். "அம்மா சட்டியெல்லாம் சாக்குல கட்டிருச்சு. நாங்க ரயில்ல போப்போறோம், குளுவாங்குல சின்னம்மா தோட்டத்துக்கு. யாருக்கும் சொல்லக்கூடாது." கடைசி வாக்கியத்தையும் சேர்த்தே எழுதினேன். 'ட்டி', 'ல்ல' எல்லாம் நன்றாக விழுந்திருக்கிறதே என்று சந்தோஷம் வேறு. மூட்டை கட்டும் வேலையோ என்னவோ, அன்று அஞ்சலை வாசிக்கக் கேட்க வரவில்லை. தோட்டம் மாறுகிறவர்கள் தங்களுக்குள் பேசி, சேதி வெளியே தெரியாமல்தான் ஏற்பாடு செய்வார்கள். தெரிந்தால் ஆபீஸ் சும்மா விடாது. இது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நோட்டு ஆபீஸுக்குப் போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போகிறது என்றே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, கிராணி லெச்சுமியின் அப்பா முனியனைக் கூப்பிட்டார். "என்ன முனியன், சட்டியெல்லாம் சாக்கில கட்டியாச்சோ?" என்று கேட்டார். வரிசையில் நின்ற அஞ்சலைக்கு அது யார் பேச்சு என்று உடனே தெரிந்துவிட்டது. பேரேட்டில் முனியன் பேரை வெட்டினார்கள். வேறு தோட்டத்தில் வேலை கேட்கும்போது காட்ட வேண்டிய சீட்டும் கிடையாது, மதியத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு.

நான் கிராணி வீட்டுக்கு ஓடினேன். "அண்ணே, அது குழந்தை சொன்னது" என்றேன்.

"தம்பி, நீர் எழுதினீர், நான் வாசிச்சன். இதில என்ன பிழை?" என்றார். கோபமே இல்லை. "உம்மட எழுத்து வடிவான எழுத்து. இரும், தோசை சாப்பிட்டிட்டுப் போம்."

வெட்கங்கெட்டவன், சாப்பிட்டேன். அவர் செய்த துரோகத்தை மன்னிக்க நான் பல தடவை முயன்றிருக்கிறேன், முடியவில்லை. அந்தத் தோசையை நினைத்தால் என்னையும் மன்னிக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது அஞ்சலை தலையில் மூட்டையோடு கொட்டகை வாசலில் நின்றாள். லெச்சுமி உள்ளே வரத் திமிறினாள். "எம் மக வாயிலேருந்து புடுங்கி அவங்ககிட்ட குடுத்துட்டீங்களே வாத்தியாரே. உங்கள நம்பித்தானே உள்ளாற வந்து உக்காந்தேன்" என்றாள். அவர்கள் செம்மண் பாதையில் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று நான் கடைசிவரை அறியவில்லை.

அன்று மூன்று மணிக்கு யாரும் வரவில்லை. மறுநாள் காலை பழக்க தோஷத்தில், "வீட்டுல என்ன சேதி?" என்று கேட்டுவிட்டேன். முதல் பையன் எழுந்து, "ஒண்ணுமில்லங்கய்யா" என்றான். அடுத்தவள், "ஒண்ணுமில்லங்கய்யா." பூனைக்குட்டிக்காரனும் அதேதான். பத்தொன்பது பேரும் ஒரே பேச்சு. வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்த நோட்டை அன்றே அடுப்பில் போட்டேன்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. மரங்களை வெட்டி எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள், அப்புறம் அதில் பாதியை அழித்து வீடுகள் கட்டினார்கள். லயமும் புகைக்கூண்டும் இருந்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நான் அங்கே இன்னும் இரண்டு வருடம் 'அணில்', 'ஆடு' என்றே பாடம் நடத்தினேன். அந்தப் பத்தொன்பது பேரும் எழுத்தெல்லாம் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். முந்தின இரவு வீட்டில் என்ன குழம்பு என்றுகூட அவர்களில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.