மழைப் பாட்டும் என் நடுக்கமும்

பாட்டை ரசிப்பவர்களுக்கு அது இன்பம். அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டிப் பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கோ தூக்கத்தைக் கெடுக்கும் சமாசாரம்.

ஒத்திகை

வேலூரில் ஆசிரியைப் பயிற்சியின் கடைசி மாதம். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் முன்னால் ஒரு மாதிரிப் பாடம் நடத்தித் தேற வேண்டும். தேறாவிட்டால் ஆம்பூரில் அண்ணன் வீட்டுச் சமையலறைதான் கதி. அண்ணி அம்மியைக் கொத்தி வைத்துவிட்டதாகக் கடிதமே வந்துவிட்டது.

எனக்கு விழுந்தது நான்கடி மழைப் பாட்டு. விடுதித் தோழி மெர்ஸியை மாணவியாக உட்கார வைத்து எதுகை, மோனை, உவமை என்று ஒப்பித்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "மழையப் பத்திப் பேசறியா, மழைல நனைஞ்சுட்டுப் பேசறியாடி? பல்லு இப்டி தந்தியடிக்குது!"

அழகு எங்கே?

மறுநாள், தேர்வு நடக்கவிருந்த வகுப்பிலேயே பழகிப் பார்த்தேன். "மழை என்ன அழகு!" என்று ஆரம்பித்ததும் முன் பெஞ்சு ஜுபேதா எழுந்தாள். அவள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் உலர்த்தும் வேலை.

"மழை பெஞ்சா தோல் காயாது டீச்சர். அத்தா வேலையில்லாம பேஜாரா உக்காந்திருப்பாரு. இதுல இன்னா அழகு?"

அந்த நாள்

தேர்வன்று ஜுபேதா வாயைத் திறக்கக்கூடாதே என்று ஜபித்தபடி வகுப்புக்குள் போனேன். ஜன்னலுக்கு வெளியே காற்றில் வேப்பமரம் ஆடியது. "பாவம், இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளைப் பாத்து அதுவும் பயந்து நடுங்குது" என்று என்னையறியாமல் முணுமுணுத்தேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கடைசி பெஞ்சில் நோட்டுடன் உட்கார்ந்தார். எதுகை, மோனைக்குக் கோடு போட்டேன். கடைசி அடிக்கு வந்தேன். "மேகம் தானாகத்தான் பொழிகிறது. வாடிய பயிரைப் பார்த்து அழுவதாகக் கவிஞர் தன் நினைப்பை அதன்மேல் ஏற்றுகிறார். இது தற்குறிப்பேற்ற அணி."

"வேறு உதாரணம்?" என்றார் அம்மாள். ஒரே ஒரு கை உயர்ந்தது. ஜுபேதா!

"வேப்பமரம் காத்துல தானா ஆடுது. உங்களப் பாத்து அது நடுங்குதுன்னு டீச்சர் சொன்னாங்க."

அம்மியின் சத்தம் எனக்கு அப்போதே கேட்டது. அம்மாள் சிரிக்காமல் ஏதோ எழுதினார். பாடம் முடிந்து கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பினார். "அணியை விளக்கியவர்களை நிறையப் பார்த்தாச்சு. தன் நடுக்கத்தை மரத்தின்மேல் ஏற்றி, அணியாகவே நின்றவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். போம்மா, தேறிட்டே."

இத்தனை வருஷம் கழித்தும் வேப்பமரம் ஆடினால், அது காற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, வாசலில் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.